கேடயமும் சுமத்ரா, புயலும் சுமத்ரா

மலாக்கா ஆற்று முகத்துவாரத்தின் அருகே ஒரு மரக்கப்பல் தரைமேல் நிற்கிறது. கடல் அரும்பொருளகம் அதற்குள்தான் இருக்கிறது. சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் மேல்தளத்தில் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். ஃப்ளோர் டி லா மார் என்ற போர்த்துகீசியக் கப்பலின் மாதிரி அது. 1511 ஆகஸ்டில் மலாக்காவைப் பிடித்த அல்புகெர்க், சுல்தானகத்தில் வாரிய செல்வத்தையெல்லாம் அசல் கப்பலில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அதிக தூரம் போகவில்லை. சுமத்ராவின் வடகிழக்குக் கரையோரம் புயலில் சிக்கிக் கப்பல் உடைந்து மூழ்கியது. அந்தத் தங்கம் எங்கே கிடக்கிறது என்று இன்றும் தேடுகிறார்கள். தங்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். கப்பலை உடைத்தது, நாம் சாது என்று நம்பிக்கொண்டிருக்கும் இதே மலாக்கா நீரிணை.

“நமக்கு என்னப்பா பயம், அந்தப் பக்கம் சுமத்ரா குறுக்கே படுத்திருக்கு!” மலாக்காவில் கடலைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது இதைச் சொல்லிவிடுவார்கள். பாதி உண்மைதான். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் 9.1 அளவில் நிலம் அதிர்ந்தது. அதிர்ச்சி மையத்திலிருந்து நாகப்பட்டினம் ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் தொலைவு. மலாக்காவோ 700 கிலோமீட்டர்தான். ஆனால் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஆழிப்பேரலை கொண்டுபோனது. மலாக்காவில் ஒருவரும் சாகவில்லை. மலேசியாவில் இறந்த 68 பேரில் பெரும்பாலோர் பினாங்கையும் கெடாவையும் சேர்ந்தவர்கள்.

காரணம் கடலின் ஆழத்தில் இருக்கிறது. ஆழிப்பேரலையின் வேகத்தைத் தீர்மானிப்பது தண்ணீரின் ஆழம். நாலாயிரம் மீட்டர் ஆழத்தில் அது மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில், ஒரு விமானத்தைப் போலப் பறக்கும். நீரிணைக்குள் வரவேண்டுமானால் முதலில் சுமத்ராவின் வடக்கே ஆச்சே முனையைச் சுற்றி வளைய வேண்டும். அதிலேயே வலுவில் ஒரு பங்கு போய்விடும். வடக்கு வாய் அகலமானது, ஆழமானது. அதனால்தான் பினாங்குக்கு அடி விழுந்தது. தெற்கே வரவர நீரிணை குறுகி, ஆழம் பல இடங்களில் 27 மீட்டர் அளவுக்கு வந்துவிடும். அந்த ஆழத்தில் அலையின் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தொடாது. மீதி வலுவைக் கடலடிச் சேறும் மணலும் தின்றுவிடும்.

சாதாரண அலைக்கும் இங்கே இடம் போதாது. காற்று நெடுந்தூரம் தடையில்லாமல் தண்ணீர்மேல் ஓடினால்தான் அலை வளரும். மலாக்கா நகருக்கு மேற்கே, சுமத்ராவை ஒட்டிய ரூபாட் தீவு ஏறக்குறைய அறுபது கிலோமீட்டரில் வந்துவிடுகிறது. மலாக்காவுக்குச் சொந்தமான தஞ்சோங் துவான் முனையில் நீரிணை 38 கிலோமீட்டருக்கு ஒடுங்குகிறது. கிழக்கேயும் பாதுகாப்பு உண்டு. வடகிழக்குப் பருவமழையின் முழு அடியையும் கிளந்தானும் திரெங்கானுவும் வாங்கிக்கொள்ள, தீபகற்பத்தின் மலைகளைத் தாண்டி மிச்சசொச்சம்தான் நமக்கு வந்து சேரும்.

இந்த இரட்டைக் காவலுக்கு ஒரு விலையும் இருக்கிறது. காற்றைத் தடுக்கும் மலை மழையையும் தடுக்கும். மலாக்காவில் ஆண்டுக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர்தான் பெய்கிறது. தமிழ்நாட்டுக்காரர் இதைக் கேட்டால் வாயைப் பிளப்பார், மலேசியக் கணக்கில் இது குறைவு. ஆறுகளும் குட்டை. 1991-இல் டுரியான் துங்கால் அணைக்கட்டு வறண்டு மாநிலமே தண்ணீருக்குத் திண்டாடியது. பிறகு ஜுஸ் அணை கட்டினார்கள், ஜோகூரின் மூவார் ஆற்றிலிருந்தும் தண்ணீர் இறைத்தார்கள். அப்படியும் 2020 தொடக்கத்தில் முறைவைத்துத்தான் குழாயைத் திறந்தார்கள்.

இனி உண்மையின் மறுபாதி. வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் அதே சுமத்ரா, உள்ளுக்குள் தானே ஒரு புயலைத் தயாரிக்கிறது.

அந்தத் தீவின் மேற்கு ஓரமாக, தலைமுதல் கால்வரை, பாரிசான் மலைத்தொடர் ஓடுகிறது. மூவாயிரம் மீட்டரைத் தாண்டிய சிகரங்களும் அதில் உண்டு. பகல் வெயில் அந்தச் சரிவுகளைச் சுட, ஈரக்காற்று மேலேறி, பிற்பகலில் இடிமேகமாகக் குவியும். பொழுது சாய்ந்ததும் ஆட்டம் நீரிணைக்கு மாறும். நிலம் சீக்கிரம் ஆறிவிடும், கடல் ஆறாது. சுமத்ராவிலிருந்து ஒரு குளிர்க்காற்றும் மலாயாவிலிருந்து ஒரு குளிர்க்காற்றும் கடலை நோக்கி இறங்கி, நடுவில் முட்டிக்கொள்ளும். முட்டிய காற்றுக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. அடியில் இருப்பதோ 29, 30 பாகைச் சூட்டில் வெந்து கிடக்கும் தண்ணீர். நள்ளிரவில் நீரிணைமேல் மேகம் பொங்கத் தொடங்கும்.

அந்த மேகத்திலிருந்து விழும் மழையில் ஒரு பகுதி தரையைத் தொடுவதற்கு முன்பே ஆவியாகிவிடும். ஆவியாவதற்குத் தேவையான வெப்பத்தைச் சுற்றியிருக்கும் காற்றிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். குளிர்ந்து கனத்த காற்று பொத்தென்று கீழே இறங்கி, தோசைக்கல்லில் விட்ட மாவு மாதிரி நாலாபக்கமும் பரவும். பரவும்போது, முன்னால் நிற்கும் வெதுவெதுப்பான ஈரக்காற்றின் அடியில் நுழைந்து அதைத் தூக்கிவிடும். தூக்கப்பட்ட காற்று புது இடிமேகமாகும். அதிலிருந்து மழை, அந்த மழையிலிருந்து குளிர்க்காற்று, அதற்கும் முன்னால் இன்னொரு மேகம். பின்வரிசை மேகங்கள் கரைந்துபோக, முன்வரிசையில் புதிதாகப் பிறந்துகொண்டே இருக்கும். நூறு, இருநூறு கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு மேகவரிசை இப்படியே கிழக்கு நோக்கி நடக்கும். மணிக்கு நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் வேகம். தென்மேற்குப் பருவக்காற்று பின்னாலிருந்து தள்ளிக்கொடுக்கும். ஏப்ரலிலிருந்து நவம்பர்வரை இதற்குக் காலம். நள்ளிரவுக்கும் காலைக்கும் நடுவே நேரம். பாய்க்கப்பல் காலத்து ஆங்கிலேய மாலுமிகள் இதற்கு வைத்த பெயர் ‘சுமத்ரா’. வானிலைக்காரர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

இந்த நேரக்கணக்கு யாரை அடித்தது என்று பார்த்தால், தோட்டத்துத் தமிழரைத்தான்.

மலாயாவில் வணிக நோக்கில் முதன்முதலாக ரப்பர் பயிரிட்டது, தான் சாய் யான் என்பவர். மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில், 1896-இல். அடுத்து புக்கிட் அசஹான் என்று காடு விரிய, ஜாசினிலும் அலோர் காஜாவிலும் தோட்டம் தோட்டமாகத் தமிழர் லயங்கள் எழுந்தன. பால் மரத்தை விடியலுக்கு முன்னாலேயே வெட்டத் தொடங்குவதற்கு ஓர் அறிவியல் இருக்கிறது. இரவில் இலைகள் நீரை ஆவியாக வெளியேற்றுவது குறைவு. அதனால் பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் நீரழுத்தம் விடியற்காலையில்தான் உச்சத்தில் இருக்கும். உளி பட்டதும் பால் அந்த அழுத்தத்தில்தான் பீறிட்டு வருகிறது. வெயில் ஏற ஏற அழுத்தம் இறங்கும், மங்கு என்ற கிண்ணத்தில் விழும் பாலும் குறையும். பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பு இருட்டோடு நடந்ததற்கும் நெற்றி விளக்கோடு நிரைக்குள் இறங்கியதற்கும் இதுதான் காரணம்.

மரத்துக்கு உகந்த அதே நேரம்தான் சுமத்ராவும் வந்து சேரும் நேரம். முதலில் காற்று அடங்கிப்போகும். வியர்வை காயாது. மேற்கே வானத்தின் அடியில் கரும்பலகை ஒன்றைச் சாய்த்து வைத்தாற்போல மேகம் எழும்பும். மின்னலில் அதன் விளிம்பு மட்டும் தெரியும். பிறகு மண்வாசனையோடு சில்லென்ற காற்று, ஒரே மூச்சில். ரப்பர் இலைகள் புரண்டு வெளுத்த அடிப்புறத்தைக் காட்டும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை வீசக்கூடிய காற்று அது. உளுத்த கிளையும் தளர்ந்த தகரமும் அதற்குத் தாங்காது. கால் மணி நேரத்தில் காற்று தணியும். மழை மட்டும் ஒரு மணி, இரண்டு மணி நேரம் நின்று பெய்யும்.

மரம் நனைந்துவிட்டால் வெட்ட முடியாது. ஈரப்பட்டையில் பால் வெட்டுக்கோட்டில் நில்லாமல் தண்டெல்லாம் வழியும். மங்கில் மழைத்தண்ணீர் கலந்து பால் கெடும். ஈரக் காயத்தின் வழியே பூசணம் புகுந்து பட்டை அழுகும். மரம் காயும்வரை ஸ்டோரிலோ லயத்து ஐந்தடியிலோ காத்திருக்க வேண்டியதுதான். காய்வதற்குள் வெயில் ஏறிவிடும், வெயில் ஏறினால் பால் இறங்கிவிடும். எடை பார்த்துக் கூலி போட்ட காலத்தில் அந்த நாள் போனதுபோலத்தான். புயல் என்றால் வீடு இடிவதும் ஆள் சாவதும் மட்டும்தான் செய்தியாகிறது. மாதத்தில் நாலைந்து விடியல்களைச் சத்தமில்லாமல் தின்றுவிட்டுப் போகும் காற்றை யாரும் பேரிடர்க் கணக்கில் சேர்த்ததில்லை. சேர்த்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் தாமான் என்னும் குடியிருப்புகளாகிவிட்டன. லயத்திலிருந்து கிளம்பியவர்களில் பலர் நகரோரத்து மலிவு வீடுகளுக்கு வந்தார்கள். அங்கே சுமத்ராவுக்கு வேறொரு கூட்டாளி காத்திருக்கிறது. கடல் ஏற்றம்.

நீரிணையில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். அந்தமான் கடலிலிருந்து நுழையும் ஏற்ற அலை, குறுகும் நீரிணையில் நெருக்கப்பட்டு, கிள்ளான்வரை உயர்ந்துகொண்டே வரும். கிள்ளான் துறைமுகத்தில், அமாவாசை பௌர்ணமியை ஒட்டி, ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையில் நாலு மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கும். மலாக்காவில் அதில் ஏறக்குறைய பாதிதான். ஆகவே கிள்ளானைப் போல ‘பாசாங் பெசார்’ (பேரேற்றம்) என்று நாம் அலறுவதில்லை. ஆனால் வெள்ளத்துக்குக் கடல் கரையேறி வரவேண்டும் என்பதில்லை. ஆற்றையும் வடிகாலையும் வெளியே விடாமல் வாசலில் நின்றாலே போதும். ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும் மழையும், முழு ஏற்றத்தில் நிற்கும் கடலும் ஒரே வேளையில் சந்தித்தால், தண்ணீர் போக இடமில்லாமல் வீட்டுக்குள் திரும்பும். தனித்தனியே பார்த்தால் இரண்டும் தினசரி சமாச்சாரம்.

இந்தச் சந்திப்பை நாமே மோசமாக்கியிருக்கிறோம். ஜாலான் துன் தான் செங் லோக்கில் ஒடுங்கி நீண்ட பழைய பாபா வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். கடற்பக்க வரிசையில் இருந்த வீடுகளின் கொல்லைப்புறம் ஒருகாலத்தில் கடலில் முடிந்தது. இன்று அந்தக் கொல்லையில் நின்றால் கடல் கண்ணுக்கே தெரியாது. கடலைப் பார்த்துக் கட்டிய போர்த்துகீசியக் கோட்டையில் மிஞ்சிய சந்தியாகோ வாசலுக்கு எதிரே இப்போது நிற்பவை பேரங்காடிகள். மலாக்கா ராயா, புலாவ் மலாக்கா என்று வரிசையாகக் கடலைத் தூர்த்தாயிற்று. 2014-இல் ‘மலாக்கா கேட்வே’ திட்டம் தொடங்கியது. உஜோங் பாசிர் போர்த்துகீசியக் குடியிருப்பில், இடுப்பளவுத் தண்ணீரில் வலையைத் தள்ளிக் கெராகாவ் என்ற பொடி இறாலைப் பிடித்தவர்களுக்கு முன்னாலிருந்த ஆழமற்ற கடலின் மேல் மண் ஏறியது. மலாக்கா கரைக்கு அப்பாலுள்ள புலாவ் ஊப்பே தீவில் அழுங்காமை முட்டையிடும் மணற்கரை அரித்துக் குறுகியது.

வடிகாலுக்கு என்ன ஆகிறது என்று கொஞ்சம் கணக்குப் போடலாம். தண்ணீர் ஓடுவது சரிவினால். கடலை ஒரு கிலோமீட்டர் தள்ளிவைத்தால், அதே உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீர் ஒரு கிலோமீட்டர் கூடுதலாகப் போகவேண்டும். சரிவு தட்டையாகும், ஓட்டம் தளரும், வண்டல் படியும். ஆயிரத்துக்கு ஒன்று என்ற சரிவில் ஒரு வடிகால் கடலில் போய்ச் சேர்கிறது என்று வையுங்கள். கடல் மட்டம் 20 சென்டிமீட்டர் உயர்ந்தால், அதன் கடைசி 200 மீட்டரில் எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கும். ஐ.நா.வின் காலநிலைக் குழு சொல்வதன்படி 1901-க்கும் 2018-க்கும் இடையில் உலகக் கடல் மட்டம் சராசரியாக ஏறியது அதே 20 சென்டிமீட்டர்தான். 2006-லிருந்து 2018 வரையில் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் என்று வேகமும் பிடித்துவிட்டது.

பெரும்புயலுக்கு வருவோம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் புயல் உருவாகாது என்று பள்ளியில் படித்தோம். பூமியின் சுழற்சி நகரும் காற்றை ஒரு பக்கமாகத் திருப்பும். தாழ்வழுத்தத்தை நோக்கிப் பாயும் காற்று நேராகப் போய் அதை நிரப்பிவிடாமல் சுற்றிச் சுழல்வதற்கு இந்தத் திருப்பம் வேண்டும். துருவத்தில் அது உச்சம், பூமத்திய ரேகையில் சுழி. நாகப்பட்டினம் 10.8 பாகையில் இருக்கிறது, மலாக்கா 2.2. நாகையில் கிடைக்கும் திருப்பத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் நமக்கு. ஐந்து பாகைக்குக் கீழே பயமில்லை என்று பாடப்புத்தகங்கள் கோடு போட்டது இதனால்தான்.

2001 டிசம்பர் 26-இல் அந்தக் கோட்டைத் தாண்டி வந்தது வாமெய். வெறும் 1.5 பாகையில், தென்சீனக் கடலின் தெற்கு மூலையில் உருவாகி, மறுநாள் சிங்கப்பூருக்கு வடகிழக்கே ஜோகூர்க் கரையேறியது. வடக்கிலிருந்து பீறிட்டு வந்த குளிர்க்காற்று, போர்னியோவை ஒட்டி ஏற்கெனவே சுழன்றுகொண்டிருந்த காற்றைச் சில நாட்கள் விடாமல் முடுக்கிவிட்டது. பூமி தராத சுழற்சியை அந்தக் கூட்டணி தந்தது. இப்படி அமைவது நூறிலிருந்து நானூறு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

கணக்கு தென்சீனக் கடலுக்கானது. நீரிணை தன் கணக்கைத் தனியாக வைத்திருந்தது. 2025 நவம்பர் 26 அன்று மலாக்கா நீரிணைக்குள்ளேயே, சுமார் ஐந்து பாகையில், சென்யார் புயல் உருவானது. கிழக்கிலிருந்து போய் ஆச்சே கரையில் ஏறி, மலைச்சரிவுகளில் மழையைக் கொட்டி, திரும்பவும் நீரிணையைக் கடந்து தீபகற்பத்தின் மேற்குக் கரைக்கு வந்தது. சுமத்ராவில் வெள்ளத்திலும் மண்சரிவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதே வாரம் டிட்வா புயல் இலங்கையைக் கிழித்தது. பதுளையிலும் நுவரெலியாவிலும் கண்டியிலும் மலைகள் சரிந்தன, மலையகத் தமிழரின் லயங்களும் தப்பவில்லை. சென்யாரில் காற்று பெரிய காற்றில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கொன்றது மழை. ஒரு பாகை வெப்பம் கூடினால் காற்று ஏழு விழுக்காடு கூடுதலாக நீராவியைத் தாங்கும். அதே புயல், அதே பாதை, ஆனால் பையில் தண்ணீர் அதிகம்.

குறுக்கே படுத்திருக்கும் தீவு இந்த முறை யாருக்குக் கேடயமாக இருந்தது என்று யோசித்தால், ஓரளவு நமக்குத்தான். புயலின் ஈரத்தைப் பெரும்பாலும் அதன் மலைகள் வாங்கிக்கொண்டன. விலையை அந்த ஊர்க்காரர்கள் கொடுத்தார்கள்.

சென்யார் மாதிரி ஒன்று வந்தால் நாள்கணக்கில் முன்கூட்டியே தெரியும். மலேசிய வானிலைத் துறை தொடர்மழைக்கு வாஸ்பாடா, பூரோக், பஹாயா என்று மூன்று படிகளில் எச்சரிக்கை விடுகிறது. சுமத்ராவுக்கு அந்த வசதி கிடையாது. நடுராத்திரியில் பிறந்து விடிவதற்குள் வந்துவிடும் மேகவரிசைக்கு, சில மணி நேரத்துக்கான இடிமழை எச்சரிக்கைதான் கொடுக்க முடியும். அது கைப்பேசிக்கு வரும்போது பாதிப்பேர் தூக்கத்தில் இருப்பார்கள்; மீதிப்பேர் ஆயர் குரோவுக்கும் பத்து பெரெண்டாமுக்கும் காலை ஷிப்டுக்காக மோட்டாரில் கிளம்பிக்கொண்டிருப்பார்கள்.

கிளம்புவதற்கு முன் வானிலைத் துறையின் ரேடார் படத்தை ஒரு தடவை பார்க்கலாம். நீரிணைமேல் வடக்குத் தெற்காக, நடுவில் கிழக்கே வளைந்த வில்போல, சிவப்பும் மஞ்சளுமாக ஒரு கோடு தெரிந்தால் அதுதான். ரூபாட் பக்கம் இருந்தால் மலாக்காவுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். நடுக்கடலைத் தாண்டியிருந்தால் அரைமணி. மோட்டாரைச் சாய்ப்பது முதலில் வரும் காற்று, பின்னால் வரும் மழையல்ல. மரத்தடியை விட்டு, மேம்பாலத்தடியில் சாலையோரமாக ஒதுங்கி, அந்தக் கால் மணி நேரத்தைக் கடத்திவிட்டால் மீதி வெறும் மழைதான். சட்டை நனையும், ஷிப்டுக்குக் கொஞ்சம் தாமதமாகும்.